இடம் மாறி உட்கார்ந்தவர்கள்

மாட்டேன் என்று ஒரு தடவை சொன்னால் போதாதா, எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்வது, என்று தமயந்தி மடியில் கிடந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தாளே தவிரப் படிக்கவில்லை, காலையிலிருந்து நாலு தடவை படித்தாயிற்று. மொத்தமே ஆறு வரி. விபத்து நடந்த அன்று காரை ஓட்டியவர் முதல் மனுதாரரான திரு. வைத்திலிங்கமே என்றும், அவருடைய லைசென்ஸ் அந்தத் தேதியில் காலாவதியாகியிருந்தது என்றும், இரண்டாம் மனுதாரரான அவர் மனைவி தமயந்தி தானே ஓட்டியதாக முன்பு சொன்னதை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறார் என்றும், ஆகவே இன்சூரன்ஸ் கம்பெனி கருணை அடிப்படையில் முக்கால் பங்கு கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறது என்றும். கருணையாம். கோயில் வாசலில் தட்டை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளா என்ன. திரும்பப் பெற்றுக்கொள்வதற்கு அது என்ன கடையில் வாங்கின புடவையா, சாயம் போயிற்று என்று நீட்டுவதற்கு. கீழே இரண்டு கோடு. முதல் கோட்டின் மேல் வைத்திலிங்கம் கையெழுத்துப் போட்டிருந்தார், போட்டிருந்தார் என்பதுகூடத் தப்பு, கோட்டை விட்டு அரை அங்குலம் கீழே இறங்கிப் போயிருந்தது பேர், ம் என்ற கடைசி எழுத்து தனியாகப் போய் அவளுக்கு விட்டிருந்த இடத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. இரண்டாவது கோடு காலி. நுகர்வோர் கோர்ட்டின் பின்வரிசை பெஞ்சில் அவளும் அவரும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகிறது, அவர்கள் கேஸ் பதினேழாவது, இப்போது ஓடிக்கொண்டிருப்பது ஒன்பதாவது, ஒரு வாஷிங் மெஷின். பன்னிரண்டு மணிக்குள் போட்டுக் கொடுங்கள் என்று வக்கீல் பர்வீன் சொல்லிவிட்டு வேறு ஹாலுக்குப் போயிருக்கிறாள். நல்ல பெண், சுறுசுறுப்பு, அவள்கூடக் கடைசியில், உங்க இஷ்டம்தாம்மா, ஆனா மூணரை வருஷம் ஆச்சு, என்றுதான் முடித்தாள். கம்பெனி வக்கீல் அதற்கும் மேலே ஒரு படி. நேற்று சவரம் செய்யக் கற்றுக்கொண்ட முகம், அவளைப் பார்த்து ஆதரவாகச் சிரித்து, ஓட்டினது யாரா இருந்தா என்னம்மா, பணம் வருதில்ல, என்றான். யாராய் இருந்தால் என்ன. உன் சட்டப் பரீட்சையை யார் எழுதினால் என்ன, பாஸ் ஆனாய் இல்லையா, என்று கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டது இப்போது நெஞ்சில் மாத்திரை மாதிரி நிற்கிறது.

ஓட்டினது நான். இதில் யாருக்கு என்ன கஷ்டம் என்று அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. பெருமைக்கா சொல்கிறாள். வாளாடி தாண்டி அந்த மதகின் மேல் கொண்டு போய் மோதினவள் நான் என்று ஒருத்தி தலையில் அடித்துச் சொல்கிறாள், இல்லை நீ மோதவில்லை, நீ நல்லவள், பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாய் என்று ஒரு கம்பெனியே கூடி நின்று மறுக்கிறது. பங்குனி மாதம், விடியற்காலம் ஐந்தே முக்கால், லால்குடியில் நாத்தனார் அகிலாண்டத்தின் மகனுக்குக் கல்யாணம், ஏழரைக்கு முகூர்த்தம். ரோட்டில் பாதியை அடைத்து உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள், போகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்து உளுந்தை உதிர்த்துக் கொடுக்க வேண்டும் என்று, அது அந்தப் பக்கத்து வழக்கம், சரி, ஏறி மிதித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் ராத்திரி ஆடு மாடு மேய்ந்துவிடாமல் இருக்கச் சுற்றிலும் கருங்கல்லாக அடுக்கி வைத்திருந்தார்கள், பூசணிக்காய் பூசணிக்காயாக. கடைசி நிமிடத்தில்தான் கல் தெரிந்தது. திருப்பினாள். பட்டுப் புடவை முந்தானை கியரில் மாட்டியிருந்ததா, இல்லை அது வேறு ஒரு நாளா. திருப்பியதும் மதகு. அந்தச் சத்தம், பாத்திரம் விழுகிற சத்தமில்லை, ஒரு பெரிய ஆள் வாய்க்குள்ளேயே பல்லைக் கடித்த மாதிரி ஒரு சத்தம், அப்புறம் தவளைகள். தவளைகள் நிறுத்தவே இல்லை. எல்லாம் ஞாபகம் இருக்கிறது, தவளை வரைக்கும் ஞாபகம் இருக்கிறவளைப் பார்த்துத்தான் அவர்கள் ஆஃப்டர்தாட் என்று எழுதினார்கள். பின்னால் யோசித்துச் சேர்த்துக்கொண்டதாம். முப்பத்தொரு கடிதம் எழுதியிருக்கிறாள் அவள் கம்பெனிக்கு, எல்லாம் இங்கிலீஷில், ஒரு காற்புள்ளி இடம் மாறியிருக்காது. கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னடெட் ஸ்கேலை வைத்துக்கொண்டு நின்றால் எந்த மடைச்சிக்கும் காற்புள்ளி வந்துவிடும். அந்த முப்பத்தொன்றுக்கும் சேர்த்து அவர்கள் போட்ட பதில் ஒரே ஒரு பத்தி, அதில் இரண்டு பிழை, நடுவில் பல்லில் சிக்கின மாதிரி அந்த ஒரு வார்த்தை. ஆஃப்டர்தாட். குழம்புக்கு உப்புப் போடும்போது வரும் அது, குளிக்கும்போது வரும், பால் பொங்கும்போது வரும். அவள் வாழ்க்கையில் பின்னால் யோசித்துச் சேர்த்துக்கொண்ட ஆள் அவள்தான் என்கிற மாதிரி.

ஆனால் இதெல்லாம் அந்த மதகில் ஆரம்பிக்கவில்லை, அது அவளுக்குத் தெரியும், தெரிந்ததுதான் வயிற்றெரிச்சல். வைத்திலிங்கத்துக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொல்லி ஆறு வருஷம் ஆகிறது. கிளாக்கோமா. நேரே பார்த்தால் தெரியும், பக்கவாட்டில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வரும், குழாய்க்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி, போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து. மின்சார வாரியத்தில் முப்பத்து மூன்று வருஷம், மழையில் கம்பத்தடியில் நின்று லைன்மேனுக்கு நட்டு எத்தனை சுற்று என்று கீழேயிருந்தே சொன்ன மனுஷன். டாக்டர் ரூமை விட்டு வெளியே வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, அக்காவுக்குத் தெரிய வேண்டாம், என்பது. இரண்டாவது வார்த்தை இன்றுவரை வரவில்லை. அவள்தான் நாற்பத்தேழு வயசில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள், காலேஜ் பையன்கள் நடுவில், ஹவாய்ச் செருப்போடு. முதல் தடவை எட்டுப் போடும்போது வண்டி நின்றுவிட்டது, இரண்டாவது தடவை போட்டாள். கையில் லைசென்ஸ் அட்டை வந்த அன்று அவளே தனியாக ஓட்டிக்கொண்டு மலைக்கோட்டை வரைக்கும் போய், இறங்காமல், சாமி கும்பிடாமல், திரும்பி வந்தாள். கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் அவள் பேரை அச்சில் போட்ட காகிதம் அதுதான். ரேஷன் கார்டு, காஸ் புத்தகம், எல்லாவற்றிலும் அவள் இன்னாருடைய மனைவி. அதில் மட்டும் இன்னின்ன வண்டி ஓட்டத் தகுதியுள்ளவள். அப்புறம் லால்குடி. அகிலாண்டம் வீட்டுக்கு முதல் தடவை அவள் ஓட்டிக்கொண்டு போன அன்று, அரவை மில் திருப்பம் வந்ததும் வைத்திலிங்கம் பேச்சை நிறுத்திவிட்டார். மடியில் கை இரண்டும் கிடந்தது. தெருவில் எல்லாரும் வாசலில் இருப்பார்கள், காரின் இடது பக்கக் கதவிலிருந்து தான் இறங்குவதை எல்லாரும் பார்ப்பார்கள், அதுதான். அப்போது வண்டியை ஓரங்கட்டி, நீங்க வேணா இங்கேருந்து ஓட்டறீங்களா, நேரா நூறு அடிதானே, என்று சொன்னது யார். இவள்தான். இந்த வாய்தான். அவர் கேட்கவில்லை. இறங்கி இந்தப் பக்கம் வந்தாள், அவர் வண்டியைத் தொட்டுக்கொண்டே அந்தப் பக்கம் போனார், ஸ்டியரிங்கைப் பிடித்ததும் முகமே மாறிவிட்டது, தெருவுக்குள் ஹாரன் அடித்துக்கொண்டு போனார். அந்த முகத்துக்காகச் செய்தது. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. எந்தச் சொந்தக்காரர் வீடானாலும் தெருமுனையில் ஒரு நிமிடம் நிறுத்தி இடம் மாறுவது, திரும்பும்போது தெருமுனை தாண்டினதும் மறுபடி மாறுவது. இரண்டு வருஷம். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. பாங்க் கொள்ளைக்காரர்கள்கூட இவ்வளவு ஒழுங்காகத் தொழில் செய்திருக்க மாட்டார்கள்.

அதனால்தான் அந்தக் கல்யாண மண்டபத்தில், ஆட்டோவில் போய் இறங்கி, அவள் ரவிக்கைக் கை கிழிந்து, அவர் நெற்றியில் பிளாஸ்திரியோடு நின்றபோது, எல்லாரும் சூழ்ந்துகொண்டு என்னாச்சு என்னாச்சு என்றபோது, அவர் வாயிலிருந்து தன்னால் வந்தது, நான்தான், கொஞ்சம் கண் அசந்துட்டேன், என்று. பொய் என்று அவருக்கே தோன்றியிருக்காது, அந்த மண்டபத்தில் இருந்த முந்நூறு பேருக்கும் தெரிந்த உண்மை அதுதானே. அகிலாண்டம் மாப்பிள்ளையின் அம்மா கோலத்தில், கையில் தாம்பாளத்தோடு, இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்துல உக்காந்திருக்கறவ பேச்சுக் குடுத்துட்டு வர வேணாமா, வாய்க்குத்தான் பஞ்சமில்லையே உனக்கு, என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தமயந்தியும் சிரித்தாள் என்பதுதான் கேவலம். பத்து நாள் கழித்து கிளெய்ம் ஃபாரம் வந்தது, இங்கிலீஷ் ஃபாரம் என்றால் அந்த வீட்டில் அவள்தான், ரிஜிஸ்டர் நம்பர், சேஸிஸ் நம்பர், எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அவள்தான் நிரப்பினாள், விபத்தின்போது ஓட்டியவர் பெயர் என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றது. வைத்திலிங்கம் கையை நீட்டி வாங்கித் தன் பேரை எழுதினார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கையெழுத்துப் போடும் இடத்தை விரலை வைத்துக் காட்டியதுகூட அவள்தான். லைசென்ஸ் தேதியை இரண்டு பேருமே பார்க்கவில்லை. புதுப்பிக்கப் போனால் டாக்டர் சர்டிபிகேட் கேட்பார்கள் என்று அவர் அதை பீரோவில் துணிக்கு அடியில் போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. நாற்பது நாளில் பதில் வந்தது, காலாவதியான லைசென்ஸ், கிளெய்ம் கிடையாது. அதற்கப்புறம்தான் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று சொன்னார் அவர், உண்மை ஏதோ ஸ்டெப்னி டயர் மாதிரி டிக்கியில் இருக்கிறதென்று. கம்பெனிக்காரன் நம்புவானா. அவன் ஓர் இன்வெஸ்டிகேட்டரை அனுப்பினான், ரிட்டயரான போலீஸ்காரர், தங்கமுத்து என்று பேர், மீசையும் ஃபைலுமாக. அவர் இவர்கள் வீட்டுக்கு வரவே இல்லை, நேரே லால்குடிக்குப் போனார், இவர்கள் போய் இறங்குகிற சொந்தக்கார வீடுகளுக்கெல்லாம் போனார், கேட்டார். எல்லாரும் சத்தியமாகச் சொன்னார்கள், தங்கள் கண்ணால் பார்த்ததைத்தானே சொன்னார்கள், எப்பவும் அவர்தான் ஓட்டிட்டு வருவார், அந்தம்மா பக்கத்துல உக்காந்து வரும். அகிலாண்டத்தின் வாக்குமூலம் தனியாக, கைநாட்டு வைக்காத குறையாக, என் தம்பி மனைவிக்குக் கார் ஓட்டத் தெரிந்து நான் பார்த்ததில்லை. தமயந்தி அதைக் கேஸ் கட்டில் படித்துவிட்டு இரண்டு நாள் சமைக்கவில்லை.

வாஷிங் மெஷின் முடிந்து ஏதோ டூர் கம்பெனி கேஸ் வந்தது, யாரோ ஒரு பெரியவர் காசிக்குக் கூட்டிப் போகிறேன் என்று அயோத்தியோடு திருப்பிக் கொண்டுவந்துவிட்டான் என்று தழுதழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வைத்திலிங்கம் நேரே முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், அவருக்கு நேரே மட்டும்தான் தெரியும், அதனால் அவள் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு அவர் ஒரு சிரமமும் பட வேண்டியதில்லை. போட்டுடேன், என்று மெதுவாகச் சொன்னார், காலையிலிருந்து ஆறாவது தடவை. நான் கூண்டுல ஏறி நின்னு எனக்குக் கண்ணு இல்லைன்னு சொல்லணுமா, நாளைக்கே லால்குடிக்குப் போயிடும். இவள் காகிதத்தை மடியில் திருப்பிப் போட்டாள். போனால் என்ன, உங்க அக்கா என்ன கண் ஆஸ்பத்திரியா நடத்துகிறாள், லைசென்ஸ் ரத்து செய்ய. பணத்தைப் பற்றி அவர் பேசவில்லை என்பதைக் கவனித்தாள். பாவம், அந்த மனுஷனுக்குப் பணமில்லை விஷயம். அவளுக்கும் இல்லை. அவள் கோட்டின் மேல் பேரைப் போட்டாளானால் அவள் அந்தக் காரை ஓட்டவே இல்லை, அவ்வளவுதான். அந்த இரண்டு வருஷம் நடக்கவில்லை. காவிரிப் பாலத்தில் சாயங்காலம் எதிரே பஸ் வெளிச்சம் முகத்தில் அடிக்க அவள் கியரைக் குறைத்துக் குறைத்துக் கொண்டுபோனது நடக்கவில்லை, மழையில் டோல்கேட் திருப்பத்தில் லாரிக்காரன் எட்டிப் பார்த்து, போங்க பெரியம்மா, என்று வழிவிட்டது நடக்கவில்லை. மூலைக்கு மூலை குத்தின கோர்ட் முத்திரையோடு, சர்க்கார் காகிதத்தில், தமயந்தி பொய் சொன்னாள், பிறகு ஒத்துக்கொண்டாள். ஐந்தாம் வகுப்பில் கிளாஸ் ரூம் மேப்பைக் கிழித்தது யார் என்று சிஸ்டர் பெர்னடெட் கேட்டபோது கிழித்தவள் கையைத் தூக்கவில்லை, முழு கிளாஸும் முட்டி போட்டு நின்றது, முட்டியில் மணல் குத்தியது, தமயந்திக்கு அப்போது வந்த கோபம் முட்டி போட்டதற்கில்லை, தான் செய்யாததற்குத் தன் முட்டி வலிக்கிறதே என்றுதான். இன்றைக்கு அதற்கு நேர் தலைகீழ். செய்தவள் கையைத் தூக்கிக்கொண்டே நிற்கிறாள் மூன்றரை வருஷமாக, ஒரு சிஸ்டரும் பார்க்க மாட்டேன் என்கிறாள்.

ஓட்டினாயா ஆனால். இது ராத்திரி பகல் என்றில்லாமல் எப்போது வேண்டுமானாலும் வரும், இப்போதும் வந்தது, யாரும் பார்க்காதபோது பல்லி விழுகிற மாதிரி. நிஜமாகவே ஓட்டினாயா. எத்தனை தடவை எழுதினாய், எத்தனை தடவை சொன்னாய், சொல்லிச் சொல்லி உனக்கே பாடமாகிவிட்டதா. முந்தானை கியரில் மாட்டியது அந்த நாள்தானா என்று உனக்கே தெரியவில்லையே, தவளை மட்டும் எப்படித் தெரியும். தங்கமுத்து ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் முழுக்க அவள் தோளைப் பற்றித்தான். லால்குடி ஆஸ்பத்திரி சீட்டில் எழுதியிருக்கிறது, பெண், ஐம்பது, இடது தோளில் வீக்கம், இடது மணிக்கட்டில் சுளுக்கு. டிரைவர் சீட்டில் இருப்பவருக்கு சீட் பெல்ட் வலது தோளிலிருந்து இறங்கும், இடது பக்கம் அடிபட்டிருப்பதால் இவர் இடது பக்க சீட்டில், அதாவது பயணியாக, இருந்தார் என்று தெளிவாகிறது. தெளிவாகிறதாம். அந்த ஆள் மீசைக்கு இவ்வளவு கணக்கு வருமென்று அவள் எதிர்பார்க்கவில்லை. முப்பத்தொரு கடிதத்திலும் அந்தத் தோளை அவள் தொடவில்லை, சுற்றிச் சுற்றிப் போனாள், பர்வீனிடமும் சொல்லவில்லை. ஏன் இடது தோள். வலது கை ஸ்டியரிங்கில், இடது கை கியரில், கியரில் இருக்கிற கைக்கு எப்படிச் சுளுக்கும். அப்படியானால் அரவை மில்லுக்கு முன்னாலேயே, வாளாடியிலேயே ஏதோ காரணத்துக்காக நாம் இடம் மாறிவிட்டோமா. கல்யாணத்துக்குப் போகிற வண்டிகள் பின்னால் வருமே என்று சீக்கிரமே மாறிக்கொண்டோமா. அவர் ஓட்டினாரா. அவர் ஓட்டி, கல் தெரியாமல், பக்கவாட்டில் தெரியாதே அவருக்கு, திருப்பி. அப்படியென்றால் அந்த ஆறு வரி உண்மை. அப்படியென்றால் பொய் சொல்கிறவள் இவள்தான், கோர்ட் நேரத்தைத் தின்றுகொண்டு, முப்பத்தொரு கடிதம், காற்புள்ளி சுத்தமான பொய். காகிதத்தின் ஓரத்தை விரலால் மடித்தாள், பிரித்தாள். பேனா கைப்பையில் முன்னறையிலேயே இருக்கிறது. போட்டுவிட்டுப் போனால் பன்னிரண்டரை பஸ்ஸைப் பிடிக்கலாம், சாதம் வைக்கலாம், தூங்கலாம்.

பதினான்காவது கேஸ் என்று டவாலி கூப்பிட்டதும் முன்வரிசையிலிருந்து ஒரு கும்பல் எழுந்து வெளியே போக வழி விட வேண்டியிருந்தது, வைத்திலிங்கம் எழுந்தார், இடது பக்கத்திலிருந்து ஒரு ஆள் ஃபைல் கட்டோடு வேகமாக வந்தான், அந்தப் பக்கம் அவருக்கு ஒன்றுமே கிடையாது, அவர் நேரே அவன்மேல் போனார். தமயந்தி யோசிக்கவில்லை. அவள் இடது கை தானாகப் போயிற்று, அவர் மார்புக்குக் குறுக்கே, தடுப்புக் கட்டை மாதிரி, முழங்கையை விறைத்துக்கொண்டு. அவர் எடை முழுவதும் அந்த மணிக்கட்டில் வந்து இறங்கியது, தோள் வரைக்கும் ஒரு சுரீர். ஃபைல்காரன் சாரி சார் என்று போய்விட்டான். அவர் உட்கார்ந்துவிட்டார். அவள் கை இன்னும் அங்கேயே நின்றது. மூன்றரை வருஷத்துக்கு முந்தின அந்த வலி, அதே இடத்தில், அதே தினுசில். அவர் தன் இடது பக்கம் இருக்கிறார். தான் வலது பக்கம். கல் தெரிந்தது, திருப்பினாள், மதகு வருவது தெரிந்தது, ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, அட முட்டாளே, ஸ்டியரிங்கையே விட்டுவிட்டு இந்தக் கையைத்தான் அவர் மார்புக்குக் குறுக்கே போட்டாள், பஸ் பிரேக் அடித்தால் மடியில் இருக்கிற பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி. அவர் சாய்ந்தார் இந்தத் தோளின்மேல். அறுபத்தெட்டு கிலோ. அதனால்தான் இடது தோள். பயணி சீட்டில் இருந்தவள் எதற்காக இடது கையை ஜன்னல் பக்கம் நீட்டப்போகிறாள். தங்கமுத்து, உங்கள் மீசைக்கு அந்தக் கணக்கு வரவில்லை, ஏனென்றால் உங்களுக்காக யாரும் கையைக் குறுக்கே போட்டதில்லை, இல்லை போட்டதை நீங்கள் பார்த்ததில்லை. சிரிப்பு வந்தது அவளுக்கு, சத்தமாகவே வந்திருக்க வேண்டும், முன்னால் உட்கார்ந்திருந்த காசிப் பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

கையெழுத்துக் காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டாள். எழுந்திரிங்க, என்றாள். எங்கே என்று அவர் கேட்டார். வெளியே வாங்க சொல்றேன். வராந்தா முனையில் ஜன்னலோரம் அவரை நிற்க வைத்து, ஃபோனை எடுத்து அகிலாண்டத்தின் நம்பரைப் போட்டாள். யாருக்கு என்றார். அகிலாண்டத்தின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை, இருந்தாலும் போட்டாள். குக்கர் சத்தம், யாரையோ அதட்டுகிற சத்தம், அப்புறம் அகிலாண்டம், கோர்ட்டில் என்னாச்சு, வைத்தி சாப்பிட்டானா, என்று மூச்சு விடாமல் கேட்டாள். வைத்திலிங்கம் கையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். அவர் கை ஜன்னல் கம்பியில் இடித்துக்கொண்டது.

"அண்ணி, உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு அன்னிக்கு வண்டி ஓட்டிட்டு வந்தது நான். அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமும் நான்தான். இவருக்குக் கண்ணு போயிட்டிருக்கு. உங்க தெருமுனையில நாங்க இடம் மாறி உக்காந்துதான் வருவோம்."

குக்கர் விசில் அடித்தது. அதை யாரோ அணைத்தார்கள்.

"தெரியும்," என்றாள் அகிலாண்டம்.

இதற்குத் தயாராக இல்லை தமயந்தி. சண்டைக்குத் தயாராக இருந்தாள், அழுகைக்கு, சாபத்துக்குக்கூட. அகிலாண்டம் அவசரப்படாமல் பேசினாள்.

"மாடியில வடகம் பிழியறவளுக்கு மில்லு திருப்பம் தெரியாதா. நீ இறங்கி இந்தப் பக்கம் வருவே. அவன் வண்டியைத் தடவிக்கிட்டே அந்தப் பக்கம் போவான். முதல் தடவை பாத்தப்ப எனக்குக் கையில மாவு அப்படியே நின்னுபோச்சு. அப்புறம் கீழ இறங்கி வந்து, வாடா தம்பி, நல்லா ஓட்டிட்டு வந்தியான்னு கேக்கணும். ரெண்டு வருஷம் கேட்டேன்."

அப்புறம் ஏன் அந்தப் போலீஸ்காரனிடம் அப்படிச் சொன்னீர்கள் என்று தமயந்தி கேட்டாள், குரல் அவள் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. நீங்க ரெண்டு பேரும் மூடி வச்சதை நான் போய் எவனோ ஒருத்தன்கிட்ட திறந்து காட்டுவேனா, என்றாள் அகிலாண்டம், உங்களுக்காகத்தானே சொன்னேன். மண்டபத்துல முந்நூறு பேர் முன்னாடி என் வாயைச் சொன்னீங்களே, அதுவும் தெரிஞ்சேதான் சொன்னீங்களா, என்றாள் தமயந்தி. அதுக்கும் ஆமா. அவன் நான்தான்னு சொல்லிட்டான், நான் அதுமேல ஒரு கல்லைத் தூக்கி வைக்கணும்ல, அகப்பட்டது உன் வாய். தமயந்திக்கு ஃபோனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. எத்தனை பேர் சேர்ந்து கட்டியிருக்கிறார்கள் இந்தப் பொய்யை, ஆளுக்கு ஒரு செங்கல், யாரும் யாரிடமும் சொல்லாமல், பிரியத்தோடு. உள்ளே அகப்பட்டது மட்டும் இவள் ஒருத்தி. எழுதித் தருகிறீர்களா என்று கேட்டாள். அதெல்லாம் முடியாது என்றது ஃபோன். தம்பியைப் பத்தி அவன் சொல்லாததை நான் எழுத மாட்டேன். முதல்ல அவன் சொல்லட்டும். அவன் சொன்னா, நான் அடுத்த பஸ்ஸுல வந்து நிக்கிறேன். வைத்தி, பக்கத்துலதானே இருக்கே. மூச்சு கேக்குது.

வைத்திலிங்கம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், வெளியே பார்த்த மாதிரி, அந்தக் குழாய்க்குள் வெளியே என்ன தெரிந்ததோ, ஒரு துண்டு வேப்பமரம், ஒரு துண்டு சைக்கிள். யாருக்காக இரண்டு வருஷம் தெருத்தெருவாக இடம் மாறி உட்கார்ந்தாரோ அவள் மாடியில் நின்று பார்த்திருக்கிறாள். ஐயோ பாவம் என்று ஒரு நொடி தோன்றியது தமயந்திக்கு, அந்த நொடி போனதும் கோபம் இருந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. இந்தத் தடவை அவள் ஒரு வார்த்தையும் எடுத்துக் கொடுக்கப் போவதில்லை. நீங்க வேணா இப்படிச் சொல்லுங்களேன் என்று சொல்லப் போவதில்லை, விரலை வைத்து இடம் காட்டப் போவதில்லை. வாயை இறுக்கிக்கொண்டாள். அது அவள் உடம்புக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத்தான் தெரியும்.

டவாலி பதினேழு என்றான். பர்வீன் எங்கிருந்தோ ஓடி வந்தாள், கறுப்பு அங்கி ஒரு தோளில் மட்டும், போட்டாச்சாம்மா என்றாள், பதில் வருவதற்குள் உள்ளே போய்விட்டாள். மேடையில் நடுவில் இருந்த தலைவர் அம்மாள், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, சமரசமாமே, மனு எங்கே, என்று கேட்டார். கம்பெனி வக்கீல் எழுந்து, முடிந்துவிட்டது, கையெழுத்து மட்டும், என்று அதே ஆதரவான சிரிப்பைச் சிரித்தான். தமயந்தி கைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து மேசையில் பிரித்து வைத்தாள்.

"நான் கையெழுத்துப் போடலைம்மா. ஓட்டினது நான்."

உங்கள் கணவர் போட்டிருக்கிறாரே என்றார் தலைவர், காகிதத்தைத் திருப்பிப் பார்த்து. போட்டிருக்கார், என்றாள் தமயந்தி, அதோடு நிறுத்திக்கொண்டாள். ஹாலில் யாரோ இருமினார்கள். கம்பெனி வக்கீல், ஆரம்பத்திலிருந்தே இந்த இரண்டாம் மனுதாரர், என்று தொடங்கினான், அந்த வார்த்தை வரப்போகிறது, இங்கிலீஷில், மூன்றரை வருஷமாகப் பல்லில் சிக்கியிருக்கிற அந்த வார்த்தை. அது வருவதற்குள் பின்வரிசையில் பெஞ்சு கிரீச்சென்றது. வைத்திலிங்கம் எழுந்து நின்றார். ஒரு கை பெஞ்சின் முதுகைப் பிடித்திருந்தது.

"அந்தக் கையெழுத்தை அடிச்சிடுங்க," என்றார். "நான் ஒண்ணு சொல்லணும். எங்க வந்து நிக்கணும்?"

தலைவர் இங்கே வாருங்கள் என்று கையால் ஒரு இடத்தைக் காட்டினார். எல்லாரும் அந்த இடத்தைப் பார்த்தார்கள். வைத்திலிங்கம் மட்டும் அந்தக் கையைத் தேடினார், தலையை மெதுவாக இந்தக் கோடிக்குத் திருப்பி, அந்தக் கோடிக்குத் திருப்பி. ஹால் முழுவதும் அதைப் பார்த்தது. கம்பெனி வக்கீல் பாதி வாக்கியத்தோடு நின்றான். பர்வீன் கையைப் பிடிக்கப் போனாள். தமயந்தி அவளைத் தடுத்தாள். ரகசியமாக இல்லை, காதோரமாக இல்லை, கோர்ட் ஹாலின் கடைசி வரிசைக்கும் வராந்தாவுக்கும் கேட்கிற மாதிரி, கான்வென்ட் பிரேயரில் கணீரென்று வாசித்த அதே குரலில் சொன்னாள்.

"நேரா ஆறு எட்டு வச்சு வாங்க. அப்புறம் வலது பக்கம். அங்க ஒரு படி இருக்கு."

அவர் பெஞ்சை விட்டார். எண்ணிக்கொண்டு வந்தார். ஐந்தில் நின்றார்.

"இன்னும் ஒண்ணு," என்றாள்.